கல்லில் பேர் உள்ளவர்கள், தூரில் பேர் இல்லாதவர்கள்
மலையகத்துத் துரைமார் கல்லறைகளை முன்வைத்து

1

இலங்கையின் மத்திய மலைநாட்டில் டிக்கோயா, பொகவந்தலாவை, நுவரெலியா என்று எந்தப் பக்கம் போனாலும் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம் ஒன்று எதிர்ப்படும். ஒட்டினாற்போல் ஒரு கல்லறைத் தோட்டம். டிக்கோயா வார்லி தேவாலயம் 1878 இல் கட்டியது. கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் பளபளக்க, மேலே பாசிபிடித்த கற்களுக்கு அடியில் துரைமாரும் அவர்களது மனைவி மக்களும் படுத்திருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் நின்று வாசித்துவிட்டுப் போகிறார்கள். 'முன்னோடிகள்' என்ற சொல்லோடுதான் இந்தக் கல்லறைகள் நமக்கு அறிமுகமாகின்றன. காட்டை நாடாக்கிய முன்னோடிகள். காப்பி முன்னோடி, சிங்கோனா முன்னோடி, தேயிலை முன்னோடி.

இந்த 'முன்னோடி'யைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்கணும். உண்மையில் முன்னால் போனவர் யார்? பின்னால் வந்தவர் யார்? பின்னால் வந்தவரின் கல்லில் அந்தப் பட்டம் எப்படி ஏறியது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். செத்தவர்களை ஏசுவதற்காக எழுதவில்லை. ஸ்காட்லாந்துக் கிராமங்களிலிருந்து பதினேழு, பதினெட்டு வயதில் கப்பலேறி வந்த பையன்கள் காய்ச்சலிலும் பேதியிலும் வாந்திபேதியிலும் செத்தார்கள். கண்டியில் உள்ள பழைய பட்டாளக் கல்லறைத் தோட்டத்தில், யானை அடித்துச் செத்தவருக்குக்கூடக் கல் இருக்கிறது. கைக்குழந்தைகளின் கல்லறைகளும் உண்டு. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்து அழுதவளின் கண்ணீரில் வெள்ளை, கறுப்பு கிடையாது. கேள்வி கண்ணீரைப் பற்றியது இல்லை, கல்லைப் பற்றியது.

கல்லறைக் கல் என்ன சொல்கிறது? பேர் சொல்கிறது. எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்தத் தேதி, என்ன வயசு என்று சொல்கிறது. சில கற்கள் தகப்பன் பேரையும் சொல்கின்றன. அதாவது அது வெறும் கல் அல்ல, ஓர் ஆவணம். 'இந்த மண்ணில் நான் இருந்தேன், இதோ சாட்சி' என்று நிலத்தின்மேல் எழுதி ஊன்றிய பட்டா. காணியை வாங்கியபோது காகிதத்தில் ஒரு பத்திரம். செத்தபிறகு கல்லில் இன்னொரு பத்திரம்.

2

பொகவந்தலாவை செயின்ட் மேரி தேவாலயத்துக் கல்லறையில் இருக்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். மனைவி ஜூலியா மார்கரெட் கேமரன். உலகப் புகைப்பட வரலாற்றில் தவிர்க்க முடியாத பேர். 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். டெனிசன், டார்வின், கார்லைல் முதலிய விக்டோரியா காலத்துப் பெரிய மனிதர்களை நெருக்கத்தில் நிறுத்தி அவர்களது முகங்களைக் காலத்துக்குக் கொடுத்தவர். 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் க்ளென்கெய்ர்ன் தோட்டத்தில் இறந்தார். வெள்ளை மாடுகள் பூட்டிய வண்டியில் மலை தாண்டிப் பொகவந்தலாவைக்குக் கொண்டுபோனார்கள் என்று சொல்லப்படுகிறது. மாடுகளின் நிறம்வரைக்கும் நினைவில் நிற்கிறது. வண்டி ஓட்டியவர் யார், குழி வெட்டியவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை.

இலங்கையில் அந்த அம்மையார் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை உள்ளூர்க்காரர்களை, உழைப்பாளிகளை எடுத்தவை. படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் தலைப்புகளைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் எடுத்த படத்துக்கு 'டெனிசன்', 'டார்வின்' என்று ஆளுக்குப் பேர் உண்டு. இங்கே எடுத்ததற்கு 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற மாதிரி வகைதான் பேர். அங்கே முகம் தனிமனிதன், இங்கே முகம் ஒரு மாதிரி உருப்படி. இதில் அம்மையாரின் தனிப்பட்ட குணக்கேட்டைத் தேடிப் பயனில்லை. எவனுக்குப் பேர் எழுதணும், எவனுக்கு இனம் எழுதினால் போதும் என்பது அந்த அதிகாரத்தின் இலக்கணம். அதே இலக்கணம்தான் கல்லறையிலும்.

பக்கத்தில் கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன், 1880 இல் இறந்தவர். இவரை நாம் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கணும். கோல்புரூக் - கேமரன் ஆணைக்குழு என்று இலங்கை வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அந்தக் கேமரன் இவர்தான். 1830இல் வந்து நீதித்துறையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தவர். அந்த ஆணைக்குழுவைத் தொடர்ந்து ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் 1832 இல் ஒழிந்தது. நல்ல காரியம்தான். ஆனால் தனியார் முதலுக்குக் கதவு திறந்ததும் அதே வேகத்தில்தான். 1840 இன் 12ஆம் இலக்கக் காணிச் சட்டம் வந்தது. உரிமைப்பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் சேனை நிலமும் முடிக்குச் சொந்தம் என்றது. ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு விற்பனை. வாங்கியவர்களில் ராணுவ அதிகாரிகளும் சிவில் அதிகாரிகளும் ஏராளம். கேமரனும் காப்பிக் காணி வாங்கினார்.

'ஆளில்லாக் காடு' என்பது சட்டம் புனைந்த கதை. அந்தக் காட்டில் சேனைப் பயிர் செய்தும் மாடு மேய்த்தும் கண்டிச் சிங்களக் குடியானவர்கள் வாழ்ந்தார்கள். 1848 இல் மாத்தளையில் கலகம் வெடித்ததற்குப் புது வரிகளோடு இந்தக் காணிப் பறிப்பும் காரணம். புரன் அப்புவை அந்த ஆகஸ்டில் சுட்டுக் கொன்றார்கள். ஆக, குடியேறிய 'முன்னோடி'க்கு முன்னாலேயே அங்கே ஒருவன் இருந்தான். அவனிடம் பத்திரம் இல்லை, அவ்வளவுதான்.

நுவரெலியாவில் கோல்ஃப் மைதானத்தை ஒட்டி மேஜர் ராஜர்ஸ் என்பவரின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்து நானூறு யானைகளுக்குமேல் சுட்டவர் என்று பேர் வாங்கியவர். 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். செத்த பிறகும் அவர் கல்லின்மேல் மறுபடி மறுபடி இடி விழுந்தது, யானைப் பாவம் விடவில்லை என்று ஒரு கதை நிலவுகிறது. அறிவியலாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் துரை எழுதிவைத்த கல்லின்மேல், எழுதத் தெரியாத சனங்கள் ஏற்றிய மாற்றுக் கதையாடல் என்று பார்த்தால் அது முக்கியமான வாசிப்பு.

3

'முன்னோடி' என்ற பட்டம் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருப்பதைப் பார்க்க, கண்டி மஹியாவை இடுகாட்டுக்குப் போகணும். ஜேம்ஸ் டெய்லர். ஸ்காட்லாந்துக்காரர். 1852 இல் பதினாறு வயதில் வந்தவர். லூல்கந்துர தோட்டத்தில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருஷம் கழித்து 1869 இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருஷத்தில் காப்பி ஒழிந்து மலையெல்லாம் தேயிலை ஆனது. டெய்லர் 1892 மே 2ஆம் தேதி சீதபேதியில் செத்தார். இந்தத் தீவில் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என்று அவர் கல் சொல்கிறது.

அவரும் கூலி வாங்கி வேலை பார்த்தவர்தான். நாற்பது வருஷம் உழைத்த தோட்டத்தை விட்டு வெளியேறும்படி கடைசியில் முதலாளிகள் சொன்னார்கள். அவருக்கும் ஒரு சோகம் உண்டு. ஆள் நல்ல கனம். பெட்டியை லூல்கந்துரயிலிருந்து கண்டிவரை தூக்கிவர இருபத்துநாலு பேர் வேண்டியிருந்ததாம். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக, வழியில் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள் என்று சொல்கிறார்கள்.

அந்த இருபத்துநாலு பேர் யார்? மலைப்பாதையில் மைல் கணக்கில் சுமந்தார்களே, அவர்களுக்கு எந்த ஊர்? எந்த லயம்? பெட்டிக்குள்ளே இருந்தவருக்குப் பேரும் தேதியும் பட்டமும். பெட்டியைத் தூக்கினவர்களுக்கு ஓர் எண்ணிக்கை. அதுவும் துரையின் எடையைச் சொல்வதற்காக வந்த எண்ணிக்கை!

'பயனியர்' என்ற அந்த ஆங்கிலச் சொல்லின் வேரைப் பாருங்கள். பழைய பிரெஞ்சில் அது காலாட்படை ஆளைக் குறித்தது. படைக்கு முன்னால் மண்வெட்டியோடு போய் மரம் வெட்டி, பள்ளம் தூர்த்து, பாதை போடுகிறவன் பயனியர். நம் ஆபீஸ்களில் மணி அடித்தால் ஓடிவரும் 'பியூன்' இருக்கிறாரே, அவரும் இவரும் சொல்லின் வழியில் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுக்கும் வேர், கால்நடையாய்ப் போகிற ஆள் என்பதே.

இலங்கையில் அந்தச் சொல் அதே பழைய அர்த்தத்தில் வேலையும் செய்திருக்கிறது. 1820களில் கவர்னர் பார்ன்ஸ் காலத்தில் மலைநாட்டுக்கு ரோடு போட்டபோது 'பயனியர்' படை என்றே ஒன்று இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து சேர்த்த ஆட்களும் அதில் உண்டு. பட்டாளக் கட்டுப்பாட்டில் பாறை பிளந்து மண் சுமந்தார்கள். கொழும்பு - கண்டி ரோட்டில் கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் நிற்கிறதே, அது ரோட்டை வகுத்த காப்டன் டாசனுக்கு. பயனியர்களுக்குக் கோபுரம் இல்லை. பேராவது மிஞ்சியதா என்றால் அதையும் பறித்துத் துரைமார் கல்லில் ஏற்றியாயிற்று. மண்வெட்டி பிடித்தவனுக்கு இருந்த பேர், மண்ணை வாங்கியவனுக்குப் போன கதை இதுதான்.

4

இனி, கல் இல்லாதவர்களின் பக்கம் வருவோம்.

திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து கங்காணியின் பின்னால் போன சனங்கள் அவர்கள். பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். ஊரில் குடிக்கத் தனிக் கிணறு, செத்தால் தனிச் சுடுகாடு. பிணத்தைக் கொண்டுபோகும் பாதைக்கே சண்டை போடணும். அந்தச் சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. ஊரே சரியில்லை என்றுதான் கடல் தாண்டினார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி ஆசை காட்டினான் என்பது மலையகத்தில் எல்லோரும் சொல்லும் கதை.

காப்பிக் காலத்தில் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளைவரை நடை. சுமார் நூற்றைம்பது மைல். பாதி வழி காடு, தண்ணீர் இல்லை. வாந்திபேதி, அம்மை, காய்ச்சல், பசி. விழுந்தவனை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். நின்றால் தாமும் விழணும்.

எத்தனை பேர் செத்தார்கள்? 1841 முதல் 1848 வரை வந்தவர்களில் எழுபதாயிரம் பேர், அதாவது நாலில் ஒருவர் செத்திருக்கலாம் என்று 1849 இல் 'கொழும்பு அப்சர்வர்' எழுதியது. வந்தவர்கள் தொகையிலிருந்து திரும்பிப் போனவர்கள் தொகையைக் கழித்துப் போட்ட மதிப்பீட்டை அப்படியே ஏற்கலாமா என்று வரலாற்றாசிரியர்கள் சர்ச்சை செய்வார்கள். செய்யட்டும். நமக்கு முக்கியம் வேறு. சாவைச் சாவாக யாரும் எண்ணவில்லை. துறையில் தலையை எண்ணினார்கள், செத்தவன் கழித்தல் கணக்கில்தான் தெரிகிறான்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு நூலை வைத்துப் பார்ப்போம். 1913 இல் ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் அதிகாரி, இலங்கையிலுள்ள கல்லறைகள், நினைவுச்சின்னங்களின் சாசனங்களைப் பட்டியலிட்டுக் கொழும்பில் வெளியிட்டார். உழைத்துச் செய்த வேலை, சந்தேகமில்லை. யார் கல்லில் என்ன எழுதியிருக்கிறது, அவர் யார், எப்படிச் செத்தார் என்பதெல்லாம் அதில் உண்டு. தலைப்பிலேயே ஒரு பின்னிணைப்பும் வருகிறது: நினைவுச்சின்னம் வாய்க்காதவர்களின் மரணக் குறிப்புகள்! அந்த 'வாய்க்காதவர்கள்' மன்னார் ரோட்டில் விழுந்தவர்களா? அல்ல. கல் வாய்க்காமல்போன ஐரோப்பியர்கள். கல் இல்லாத துரைக்கும் காகிதத்தில் ஒரு கல்லறை கட்டிக் கொடுத்துவிட்டார்கள். 1976 இல் லண்டனில் தெற்காசியாவிலுள்ள பிரிட்டிஷ் கல்லறைகளைப் பேணவென்றே ஒரு சங்கமும் தொடங்கினார்கள். செத்தவர்களை மறக்கக்கூடாது என்ற அவர்களது அக்கறையை நாம் குறைசொல்ல வேண்டியதில்லை. கற்றுக்கொள்ளலாம்.

தோட்டத்துச் சனங்களின் பேர் எங்கேதான் எழுதப்பட்டது? செக்ரோலில். தோட்டத்தில் வேலை கிடைப்பதற்கே 'பேர் பதியிறது' என்றுதான் மலையகத்தில் சொல்வார்கள். விடியற்காலைப் பிரட்டுக்கு நின்றால் பேர், கொழுந்து நிறுத்தால் பேர். கைகால் விழுந்தால் பேர் இல்லை. செத்தவர்களைத் தோட்டத்திலேயே ஓர் ஒதுக்குப்புறத்தில், தப்படித்துக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். மண்மேடு. மலையில் ஒரு பருவ மழைக்கு மண்மேடு தாங்குமா? துரையின் கல் நூற்றைம்பது வருஷம் நிற்கும். லயத்துக்காரனின் பேர் உழைக்கிற நாள் மட்டும் நிற்கும்.

சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, பிறகு சக்தீ பால ஐயா தமிழாக்கிய தேயிலைத் தோட்டக் கவிதை இதைத்தான் பேசியது. தேயிலைக்கு உரமாகிப்போன முப்பாட்டன்மாருக்கு ஓர் அடையாளமும் இல்லையே என்ற ஆற்றாமை அது. கங்காணி சொன்ன தேங்காயும் மாசியும் தூரில் இல்லை. தூரில் இருந்தது, தோண்டப் போனவர்கள்தான்.

5

இதெல்லாம் பழங்கதை, நினைவு, கவிதை என்று விட்டுவிட முடியாது. 1948 இல் இந்த இல்லாத கல் அரசியலாக வந்து தலையில் விழுந்தது.

அந்த வருஷத்து 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் என்ன கேட்டது? நீ இலங்கையில் பிறந்தாய் என்பது போதாது. உன் அப்பன் இங்கே பிறந்திருக்கணும். அது இல்லை என்றால் பாட்டன், பூட்டன் இரண்டு பேரும் இங்கே பிறந்திருக்கணும். நிரூபி என்றது. லயத்தில் பிறந்த அந்தத் தலைமுறைக்குப் பிறப்புப் பதிவு ஏது? அப்பன் பேரும் பாட்டன் பேரும் சேர்ந்து எழுதிய ஒரு கல் ஏது? செக்ரோலை எழுதிக் காப்பாற்றியது தோட்ட ஆபீஸ். சட்டம் பார்ப்பதற்கு எல்லோருக்கும் பொதுவானது மாதிரிதான் இருந்தது. ஆனால் காகிதம் உள்ளவன், இல்லாதவன் என்று மக்களை முன்பே பிரித்துவைத்திருந்த ஒரு நாட்டில், காகிதத்தைக் கேட்பதே தீர்ப்பு. 1840 இல் சிங்களக் குடியானவனிடம் 'பத்திரம் காட்டு' என்று கேட்டுக் காட்டைப் பறித்தார்கள். 1948 இல் மலையகத் தமிழனிடம் 'பாட்டனைக் காட்டு' என்று கேட்டு நாட்டைப் பறித்தார்கள். கேட்ட ஆள் வேறு, கேள்வி ஒன்றுதான். சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள்.

பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று. அதை 1974 இல் ஆளுக்கு எழுபத்தையாயிரமாகப் பிரித்துக்கொண்டார்கள். அங்கே 'கள்ளத்தோணி' என்று ஏச்சு வாங்கியவர்கள் இங்கே நீலகிரிக்கு வந்து 'சிலோன்காரன்' ஆனார்கள். வந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கொண்டுவந்தார்கள். புதைத்தவர்களைக் கொண்டுவர முடியுமா? நாலு தலைமுறை அங்கேயே கிடக்கிறது. மிச்சம் இருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003 இல் வந்த சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது.

காணி? 1970களில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992 இல் நிர்வாகம் கம்பெனிகள் கைக்குப் போனது. தலைமுறை தலைமுறையாக இருந்த லயக் காம்பராவே தோட்ட மக்களில் பெரும்பாலானோருக்குச் சொந்தமாகவில்லை. 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயன்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. மன்னார் ரோட்டில் தொடங்கிய பேரில்லாப் புதைகுழி இருபத்தோராம் நூற்றாண்டிலும் நீள்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

6

2023 இல், மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அதே பழைய பாதையில் மலையக மக்கள் நடந்தார்கள். என் பார்வையில் அந்த நடை ஓர் எதிர்க் கல்லறை. கல் இல்லாத இடத்தில் காலால் எழுதியது.

ஆனால் இங்கே நாம் எச்சரிக்கையாக இருக்கணும். அவர்களுக்குக் கல் இருக்கிறது, நமக்கும் ஒரு கல் என்று கேட்பதோடு நின்றால் என்ன ஆகும்? கல் வைக்கிற காரியம் யார் கைக்குப் போகும்? கங்காணிகளும் தமிழர்கள்தான். அவர்களில் பலர் மேல்சாதிக்காரர்கள். ஆளைக் கடனில் பிணைத்து, தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கியவர்களும் இந்தச் சரித்திரத்தில் உண்டு. நாளைக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பினால் அதில் தலைவர் பேர், நன்கொடை கொடுத்தவர் பேர், திறந்துவைத்த மந்திரி பேர் எல்லாம் இருக்கும். கீழே 'பெயரறியா உழைப்பாளிகளுக்கு' என்று ஒரு வரி. மறுபடியும் வகைப் பேர்தான், ஆள் பேர் இல்லை. பெண்களின் பேர் அதிலும் வராது. கொழுந்துக் கூடையைச் சுமந்தது பெரும்பாலும் அவர்கள் முதுகு.

ஆகவே தூணுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. தோட்ட ஆபீஸ்களில் செல்லரித்துக் கிடக்கும் செக்ரோல்களையும் பிறப்பு இறப்புப் புத்தகங்களையும் காப்பாற்றுவது. பொதுச் சொத்தாக்கி, பேர் பேராகப் படியெடுப்பது. ஒவ்வொரு தோட்டத்திலும் எங்கே புதைத்தார்கள் என்று தெரிந்த கிழவன் கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வரைபடம் போடுவது. லூயிஸ் துரைமாருக்குச் செய்ததை நாம் இவர்களுக்குச் செய்யணும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. எந்தச் சேரியிலிருந்து எந்தக் குடும்பம் கண்டிச் சீமைக்குப் போய்த் திரும்பவில்லை என்ற நினைவு இன்னும் நம் ஊர்களில் மிச்சமிருக்கிறது. அதைக் கேட்டு எழுதுவதற்குப் பல்கலைக்கழக மான்யம் ஒன்றும் தேவையில்லை.

பட்டியலோடு காணியும் வரணும். செத்தவர்களுக்குக் கல், உயிரோடிருப்பவர்களுக்கு உறுதிப்பத்திரம் என்ற இரண்டும் ஒரே கோரிக்கை. பேர்ச் கணக்கில் துண்டு நிலம் தருகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் பேரம் பேசுகிறவர்களிடம் இதைத்தான் சொல்லணும்: நாங்கள் புதிதாக நிலம் கேட்கவில்லை, எங்கள் ஆட்கள் ஏற்கெனவே அதற்குள்ளேதான் இருக்கிறார்கள்.